சுவர்: வடசென்னைவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கூரையைத் தாங்குவதும் சுவர், அறையைப் பிரிப்பதும் சுவர், மனையைச் சுற்றி நிற்பதும் சுவர், கடலலையைத் தடுப்பதும் சுவர். பெயர் ஒன்று, வேலை வேறு வேறு. இடிக்கவோ கட்டவோ பூசவோ கை வைக்கும் முன், அது என்ன வேலை செய்கிற சுவர் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம். சொல்லைப் பற்றிய கேள்விகள் முதலில், கட்டுமானம் பிறகு.

சுவர், மதில், காம்பவுண்டு, கைப்பிடிச்சுவர்: எதை எங்கே சொல்வது?

செங்கல், கல், மண், கான்கிரீட் என எதில் எழுப்பினாலும் பொதுப்பெயர் சுவர். ஊரையோ கோட்டையையோ கோயிலையோ சுற்றி உயரமாக நிற்பது மதில். வீட்டு மனையைச் சுற்றியதைச் சென்னையில் யாரும் மதில் என்பதில்லை, காம்பவுண்டுதான். பத்திரத்தில் மட்டும் சுற்றுச்சுவர் என்று எழுதுவார்கள். மொட்டைமாடி ஓரத்தில் இருப்பது கைப்பிடிச்சுவர். கொத்தனாரிடம் பாரபெட் என்றால் சட்டென்று புரியும். மண் சரியாமல் தாங்குவது தாங்கு சுவர். இதை வெறும் தடுப்புச்சுவர் என்று சொல்லி வேலை கொடுத்தால், அறை பிரிக்கும் நாலரை இஞ்ச் சுவரோடு குழம்பிவிடும். அதனால் 'பின்னால் மண் நிற்கும்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். உட்கார வசதியான தாழ்ந்த சுவர் கட்டைச்சுவர். இடிந்து, கூரை போய், பாதியாய் நிற்பது குட்டிச்சுவர். உருப்படாமல் போனவனைக் 'குட்டிச்சுவராப் போயிட்டான்' என்பது இதிலிருந்துதான்.

'சுவற்றில் எழுதாதீர்' சரியா, 'சுவரில் எழுதாதீர்' சரியா?

'சுவரில்' என்பதே சரி. சொல் சுவர், ஈற்றில் இடையின ர். இல் உருபு சேர்ந்தால் சுவரில், ஐ சேர்ந்தால் சுவரை, கு சேர்ந்தால் சுவருக்கு. கிணறு கிணற்றில் ஆவதும் வயிறு வயிற்றில் ஆவதும் அவை 'று' என்று முடிவதால். சுவறு என்று ஒரு சொல் தனியாக இருக்கிறது. வற்றிப்போதல் என்பது அதன் பொருள். பேச்சில் 'செவுரு', 'செவுத்துல', 'செவுத்தாண்ட' என்பது வடசென்னையின் இயல்பு, அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. போர்டு எழுதும்போது மட்டும் 'சுவரில்' என்று எழுதுங்கள்.

சுவர் வரும் பழமொழிகளை மாற்றிப் பயன்படுத்துகிறார்களே?

அதிகம் மாறுவது ஒன்றுதான். 'சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்' என்பது உடம்பைப் பேணச் சொல்லும் பேச்சு. உடம்பு நன்றாக இருந்தால்தான் மற்றதெல்லாம் நடக்கும் என்ற பொருள். இதை முதலீடு பற்றிச் சொல்லும்போது பொருள் நழுவுகிறது. முடிவெடுக்காமல் நிற்பவர் 'மதில்மேல் பூனை'. இங்கே சுவர்மேல் பூனை என்று யாரும் சொல்வதில்லை.

வால்டாக்ஸ் ரோடு என்றால் சுவருக்கு வரி போட்ட சாலையா?

ஆமாம். 1758-59இல் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டது. 1769இல் ஹைதர் அலி நகரின் வாசல்வரை வந்து கம்பெனியை உடன்படிக்கைக்கு இழுத்தார். அந்தப் பயத்தில்தான் 1760களின் கடைசியிலும் 1770களின் தொடக்கத்திலும், இன்று ஜார்ஜ் டவுன் எனப்படும் கறுப்பர் நகரத்துக்கு வடக்கிலும் மேற்கிலும் மதில் எழும்பியது. கட்டிய செலவை உள்ளே குடியிருந்தவர்களிடம் வரியாகப் பிடிக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி நினைத்தது. மக்கள் எதிர்த்தார்கள், வரி வசூலாகவில்லை. மதிலும் பின்னால் இடிக்கப்பட்டது. மேற்கு மதிலை ஒட்டிய சாலைக்கு வ.உ.சி. சாலை என்று பெயர் வைத்த பிறகும் ஆட்டோக்காரருக்கு அது வால்டாக்ஸ்தான். மதிலின் மிச்சத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பழைய ஜெயில் ரோட்டில் உள்ள மாடிப்பூங்காவுக்குப் போங்கள். பூங்காவைத் தாங்கி நிற்பது அந்த மதில்தான்.

ஹாலைப் பெரிதாக்க நடுச்சுவரை எடுக்கலாமா?

அது சுமை தாங்கும் சுவரா, வெறும் பிரிப்புச் சுவரா என்று தெரியாமல் ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்க்காதீர்கள். பூச்சோடு சேர்த்து ஒன்பது, பத்து அங்குலத்துக்கு மேல் தடிமன் இருந்தால் சுமை தாங்குவதாகவே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சோடு ஐந்து, ஐந்தரை அங்குலம் என்றால் பெரும்பாலும் பிரிப்புச் சுவர். ஆனால் தடிமனை மட்டும் நம்ப முடியாது. மேல்மாடியில் அதே கோட்டில் சுவர் இருக்கிறதா? காலமும் (கான்கிரீட் தூண்) பீமும் கண்ணுக்குத் தெரிகிறதா? காலமே இல்லாத கட்டடம் என்றால் சுவர்தான் எல்லாவற்றையும் தாங்குகிறது. பழைய குடியிருப்புகளில் மூன்று மாடி வரை காலம் இல்லாமல் சுவரிலேயே நிற்பவை உண்டு. அங்கே ஒரு வீட்டுக்காரர் நடுச்சுவரை எடுத்தால் விரிசல் மேல்வீட்டில் விழும்.

மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகள்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய கூரை) போட்ட வீட்டில் மேலே நிமிர்ந்து பார்த்தாலே தெரியும். தேக்கு உத்திரக்கட்டைகள் எந்தச் சுவர்களில் முனை ஊன்றியிருக்கின்றனவோ அவை தாங்கும் சுவர்கள். கட்டைகளுக்கு இணையாக ஓடும் சுவருக்குக் கூரைச் சுமை குறைவு. ஆனாலும் அது குறுக்கே பிடித்து நிற்கிறது, அதை எடுத்தால் நீளச்சுவர் ஆட்டம் காணும்.

திறப்பு வைத்தே ஆக வேண்டுமென்றால் கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்ட பீம் வேண்டும். இரண்டு பக்கமும் ஜாக்கி முட்டு கொடுத்த பிறகுதான் வெட்ட வேண்டும். பீம் முனை இரண்டும் வெறும் செங்கல்மேல் உட்காராமல் கான்கிரீட் படுக்கைமேல் உட்கார வேண்டும். சுத்தியலை ஓங்கி அடித்து உடைப்பதைவிட கட்டர் வைத்து அறுப்பது பக்கத்துச் சுவருக்கு நல்லது.

வயரிங், பைப்புக்குச் சுவரை எவ்வளவு வெட்டலாம்?

செங்கல் கட்டுமானத்துக்கான இந்தியத் தர நெறி ஐஎஸ் 1905இன்படி, நெட்டுவாக்கில் வெட்டும் காடி சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, படுக்கைவாக்கில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நாலரை இஞ்ச் சுவரில் படுக்கைக் காடி என்றால் 18 மி.மீ.தான், ஒரு கண்டூட் பைப் நுழையவே போதாது. அதனால் அந்தச் சுவரில் குறுக்கே வெட்ட விடாதீர்கள். மேலேயோ தரையிலோ சுற்றிக்கொண்டு வந்து நேராக இறக்கச் சொல்லுங்கள். சமையலறையில் சிங்க் உயரத்தில் சுவர் நீளத்துக்கும் ஒரே கோடாக வெட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பிறகு டைல்ஸ் அந்தக் கோட்டிலேயே வெடிக்கும்.

சுவரின் அடிப்பகுதியில் பெயின்ட் உப்பி, பூச்சு பொரிந்து கொட்டுகிறது. பெயின்ட் அடித்தாலும் ஆறே மாதத்தில் மறுபடி வருகிறது. என்ன செய்வது?

வடசென்னையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பெயின்டைக் குறை சொல்லிப் பயனில்லை. மண்ணில் இருக்கும் ஈரத்தைச் செங்கல்லும் கலவையும் மேலே உறிஞ்சுகின்றன, இதுதான் ஓதம் ஏறுவது. ஈரம் சுவர்முகத்தில் ஆவியாகிறது, அதோடு வந்த உப்பு அங்கேயே தங்கிப் படிகமாகிறது. படிகம் வளர இடம் வேண்டும், அதற்காகப் பெயின்டையும் பூச்சையும் உள்ளிருந்து நெம்பித் தள்ளுகிறது. விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டும், பூச்சு மணல் மாதிரி உதிரும். கடலோரத்தில் நிலத்தடி நீரில் உப்பு, காற்றிலும் உப்பு, நீர்மட்டமும் மேலே. இதோடு தெருவில் தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்து வீட்டுத்தரை பள்ளமாகிவிட்டால், டிபிசி (ஈரம் மேலே ஏறாமல் அஸ்திவாரத்துக்கு மேல் போடும் தடுப்பு வரி) போட்டிருந்தாலும் அது மண்ணுக்குக் கீழே போய்விடுகிறது. பழைய வீடுகள் பலவற்றில் டிபிசியே கிடையாது.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முடிவு செய்யுங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் சுவர் நெடுக அலை அடித்த கறை ஓடினால் அது தரை ஓதம். ஒரே இடத்தில் வட்டமாக, அதுவும் பாத்ரூமுக்குப் பின்னால் என்றால் பைப் கசிவு. ஜன்னல் மூலையிலிருந்து இறங்கினால் மழைநீர். சந்தேகமிருந்தால் ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் நீர் முத்து கோர்த்திருந்தால் ஈரம் உள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் மட்டும் நனைந்திருந்தால் காற்றோட்டக் குறைவு.

தரை ஓதம்தான் என்றால் வேலை இந்த வரிசையில் நடக்க வேண்டும். வெளிப்பக்கம் சுவரை ஒட்டிக் கொட்டிய மண்ணையும் சிமென்ட் தளத்தையும் உள்தரை மட்டத்துக்குக் கீழே அரை அடியாவது இறக்குங்கள். மழைநீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி வாட்டம் கொடுங்கள். உள்பக்கம் கறைக்கோட்டுக்கு மேலே ஒன்றரை அடி வரை பூச்சை முழுக்கக் கொத்தி எடுங்கள். செங்கல்லுக்கு இடையே உள்ள கலவை இணைப்புகளை 15 முதல் 20 மி.மீ. ஆழம் சுரண்டுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி முறத்தில் அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். பிறகு சுவரைக் காய விடுங்கள். மார்ச் முதல் ஜூன் வரை இதற்கு ஏற்ற காலம், ஐப்பசி கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்குவது காசைக் கரியாக்குவது.

காய்ந்த பின் தரைக்கு நாலைந்து அங்குலம் மேலே, ஒரே கலவை வரியில், பன்னிரண்டு மி.மீ. துளைகளை 10 முதல் 12 செ.மீ. இடைவெளியில் போட்டு சிலேன் வகைக் கிரீமை நிரப்புவார்கள். துளையின் ஆழம் சுவரின் மறுமுகத்துக்கு இரண்டு அங்குலம் குறைவாக இருக்க வேண்டும். கிரீம் செங்கல்லுக்குள் பரவி, ஈரம் மேலே ஏறாத ஒரு பட்டையை உண்டாக்கும். அதற்குமேல் நீர்த்தடுப்புக் கலவை சேர்த்து 1:4 பூச்சு (சிமென்ட் ஒரு பங்கு, மணல் நான்கு பங்கு). பட்டியும் பெயின்டும் ஒரு மாதம் கழித்து. உப்பு முற்றிலும் போய்விடாது. சுவரில் தங்கியது காற்றின் ஈரத்தை இழுத்து மார்கழிக் காலையில் கொஞ்சம் கறுக்கும்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு: கறையை மறைக்க நான்கடிக்கு டைல்ஸ் ஒட்டுவது. ஆவியாக வழியில்லாத ஈரம் டைல்ஸுக்குப் பின்னால் ஏறி ஐந்தாவது அடியில் வெளியே வரும்.

எங்கள் வீடு சுண்ணாம்புக் கட்டடம். சிமென்ட் பூசினால் என்ன?

வேண்டாம். ஜார்ஜ் டவுன், பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரத்துப் பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், அதனால்தான் இவ்வளவு காலம் நிற்கிறது. மேலே சிமென்ட் பூசினால் அந்த வழி அடைபடுகிறது. சிமென்ட் பூச்சு கெட்டி, உள்ளே இருக்கும் செங்கல் மெது. சில வருடத்தில் பூச்சு தகடு தகடாகப் பெயரும், பெயரும்போது செங்கல் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். அதைவிட மோசம், சுவருக்குள் ஊன்றிய தேக்குக்கட்டை முனை ஈரத்தில் உளுத்துப்போவது. வெளியே பார்த்தால் தெரியாது. ஒரு ஸ்க்ரூடிரைவரால் கட்டை முனையைக் குத்திப் பாருங்கள், மெத்தென்று இறங்கினால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

பூச்சு பழுது பார்க்கச் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டரை முதல் மூன்று பங்கு. சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊறப்போட்டு ஒரு வாரமாவது கழித்துத்தான் எடுக்க வேண்டும். ஊறாத கட்டி பூச்சுக்குள் போனால் பிறகு மலர்ந்து குழி விழும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்ப்பது பழைய முறை, இன்றும் செய்கிறார்கள். ஒரு கோட் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். முதல் கோட் இறுகிய பிறகு அடுத்தது. வெயில் நேராகப் படாமல் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். அதன்மேல் சுண்ணாம்பு வெள்ளையடிக்கலாம், பிளாஸ்டிக் பெயின்ட் கூடாது.

சுவரில் முளைத்த அரசஞ்செடியைப் பிடுங்கலாமா?

பிடுங்கினால் வேர் உள்ளேயே தங்கி மறுபடி தழைக்கும், வேர் தடித்திருந்தால் செங்கல்லும் கூட வரும். தண்டைச் சுவரோடு ஒட்ட அறுத்து, வெட்டுவாயில் துளை போட்டு, உடனே களைக்கொல்லியை ஊற்றி அடைத்துவிடுங்கள். வேர் செத்துக் காய்ந்த பின் கொத்தனார் அந்த இடத்தைத் திறந்து வேரை எடுத்து, சுவர் எந்தக் கலவையில் கட்டியதோ அதே கலவையால் அடைக்கட்டும்.

நூறு சதுர அடி சுவருக்கு எவ்வளவு செங்கல், சிமென்ட், மணல்?

இங்கே கிடைக்கும் சேம்பர் செங்கல் சுமார் 9 × 4¼ × 2¾ அங்குலம். ஒன்பது இஞ்ச் சுவர் நூறு சதுர அடிக்கு, உடைசலும் சேர்த்து ஆயிரம் கல் பிடியுங்கள். கலவை 1:6 என்றால் சிமென்ட் மூன்று முதல் மூன்றரை மூட்டை, மணல் 22 முதல் 25 கன அடி. நாலரை இஞ்ச் சுவருக்குக் கல் ஐந்நூறுக்குச் சற்றுமேல். கலவை 1:4 இருக்க வேண்டும். சிமென்ட் ஒன்றரை முதல் இரண்டு மூட்டை, மணல் எட்டு ஒன்பது கன அடி. மெல்லிய சுவருக்கு ஏன் சிமென்ட் கூட என்றால், கல்லும் கல்லும் ஒட்டும் இடம் குறைவு, அந்த ஒட்டுதல் கெட்டியாக இருக்க வேண்டும். நாற்பதடி நீளம், ஐந்தடி உயரம் ஒன்பது இஞ்ச் காம்பவுண்டு என்றால் இருநூறு சதுர அடி, அதாவது இரண்டாயிரம் கல். அஸ்திவாரக் கணக்கு தனி.

கல்லைத் தொட்டியில் நீர்க்குமிழி அடங்கும் வரை ஊறப்போடுங்கள். காய்ந்த கல் கலவையின் தண்ணீரைக் குடித்துவிடும், பிறகு கலவை பொடியாகத்தான் நிற்கும். கல்லின் குழிப்பக்கம் மேலே பார்க்க வேண்டும். இணைப்பு 10 மி.மீ.; கோணல் கல்லைச் சமன் செய்ய முக்கால் அங்குலம் கலவை வைப்பவரை அப்போதே நிறுத்துங்கள். ஒரு நாளில் ஐந்தடிக்கு மேல் ஏற்ற வேண்டாம். தண்ணீர் விட்டுக் குழைத்த கலவையை ஒரு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மதியச் சாப்பாட்டுக்குப் பின் மறுபடி தண்ணீர் தெளித்துக் கிளறியது கலவையே இல்லை. தண்ணீர் விடுவது குறைந்தது ஏழு நாள், பிபிசி (சாம்பல் கலந்த) சிமென்ட் என்றால் பத்து நாள்.

போர் தண்ணீரில் கலவை போடலாமா? கடற்கரை மணல்?

கடற்கரை மணல் கூடவே கூடாது. அதன் உப்பு கம்பியைத் துருவேற்றும், சுவரில் ஓதத்தை நிரந்தரமாக்கும். அதை அள்ளுவதும் குற்றம். கல்லை உடைத்துச் செய்யும் மணலில் எம்-சாண்டு கட்டுவதற்கு, பி-சாண்டு பூச்சுக்கு. போர் தண்ணீர் நாக்கில் கரித்தாலே விட்டுவிடுங்கள். கரிக்கவில்லை என்றாலும் ஒரு பாட்டில் பிடித்து லேபில் கொடுத்துப் பாருங்கள்: ஐஎஸ் 456 கணக்கில் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். கலவைக்கு மெட்ரோ தண்ணீர் லாரி வாங்கிவிட்டு, கட்டிய சுவருக்குத் தண்ணீர் விடும் கியூரிங்குக்கு உப்புத் தண்ணீர் அடிப்பவர்கள் உண்டு. புதுச்சுவர் அதைத்தான் முதலில் குடிக்கும்.

காம்பவுண்டுக்கு அஸ்திவாரம் எப்படி?

கடற்கரையை ஒட்டி மணல், உள்ளே வரவரக் களிமண், பல இடங்களில் குப்பையும் கட்டட இடிபாடும் போட்டு மேடாக்கிய மண். மேடாக்கிய மண்ணில் செங்கல் அஸ்திவாரம் போட்டு நீளச்சுவர் எழுப்பினால் ஒரே மழையில் அலையலையாக இறங்கும். எட்டு முதல் பத்தடிக்கு ஒரு காலம், நல்ல மண் தட்டுப்படும் வரை குழி, அதில் ஃபுட்டிங், தரைமட்டத்தில் 9 × 9 அங்குல பெல்ட் பீம், அதன்மேல் சுவர் என்பது பாதுகாப்பான வழி. பீமுக்குப் பத்து அல்லது பன்னிரண்டு மி.மீ. கம்பி நான்கு, எட்டு மி.மீ. ரிங் ஆறு அங்குலத்துக்கு ஒன்று. இது வழக்கமான அளவு. உங்கள் மண்ணுக்கு மாறலாம்.

கடற்காற்று நேராகப் படும் இடத்தில் கான்கிரீட் எம்30 தரத்துக்குக் குறையாமல், கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்) என்று அதே ஐஎஸ் 456 சொல்கிறது. காசிமேட்டிலும் எண்ணூரிலும் காம்பவுண்டுத் தூண்கள் கம்பி தெரிய வெடித்து நிற்பதைப் பாருங்கள். அங்கே கவர் அரை அங்குலம்கூட இருக்காது. துருப்பிடித்த கம்பி பருத்து கான்கிரீட்டைப் பிளந்திருக்கும். கவர் பிளாக் சில்லறைச் செலவுதான், அதை மிச்சம் பிடிக்க ஓட்டுச் சில்லை வைப்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இருபுறமும் தரைமட்டம் வேறு என்றால் அது காம்பவுண்டு இல்லை, தாங்கு சுவர். தண்ணீர் வெளியேற 75 மி.மீ. பைப்பை நான்கைந்து அடிக்கு ஒன்று வையுங்கள், பின்பக்கம் ஜல்லி நிரப்புங்கள். மழையில் சுவர் விழுவது பெரும்பாலும் பின்னால் தேங்கிய நீரின் தள்ளலால்தான்.

பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அவர்கள் இடிக்கிறார்கள், என்ன செய்ய?

முதலில் இரண்டு வீட்டுப் பத்திரத்திலும் நான்கு எல்லை எழுதிய இடத்தைப் படியுங்கள். 'பொதுச்சுவர்' என்றிருந்தால் இருவருக்கும் பாத்தியம், ஒருவர் தன்னிச்சையாக இடிக்க முடியாது. 'தன் சுவர்' என்று அவர்கள் பத்திரத்தில் இருந்தாலும், உங்கள் உத்திரம் நெடுங்காலமாக அதில் ஊன்றியிருந்தால் அதற்கான உரிமையைக் கேட்கலாம். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இதைப் பற்றியது. வக்கீலிடம் போகும் முன் செய்ய வேண்டியது ஒன்று: வேலை தொடங்குவதற்கு முந்தின நாள் உங்கள் பக்கத்துச் சுவர், கூரை, தரை எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் எடுத்து, இருக்கும் விரிசலை அளந்து எழுதி, அதில் அவர்கள் கையெழுத்தையும் வாங்குங்கள். இதை நல்லபடியாகப் பேசியே வாங்கலாம். பின்னால் வரும் சண்டையில் பாதி இதிலேயே தீரும். உங்கள் சுவரை ஒட்டி அஸ்திவாரம் தோண்டினால் முழு நீளத்தையும் ஒரே நாளில் தோண்ட விடாதீர்கள். நாலடி தோண்டி, கட்டி மூடி, அடுத்த நாலடி.

எந்த விரிசலுக்குப் பயப்பட வேண்டும்?

காலமும் செங்கல்லும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக விழுவது இரண்டு பொருள்கள் வேறு வேறு அளவில் சுருங்குவதால். வெட்டித் திறந்து கோழிவலை அடித்துப் பூசினால் தீரும். கூரைக்கு அடியில் படுக்கையாக ஓடுவது மொட்டைமாடி வெயிலில் விரிந்து சுருங்குவதால். மாடிக்கு வெப்பத்தடுப்பு ஓடு போட வேண்டும். படிக்கட்டு மாதிரி மூலைவிட்டமாக, கீழே குறுகி மேலே அகன்று ஏறினால் அஸ்திவாரம் இறங்குகிறது. விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மாதம் ஒருமுறை பாருங்கள். கோட்டைத் தாண்டிப் போனால், அல்லது அகலம் 5 மி.மீ.யைத் தாண்டினால் பொறியாளரைக் கூப்பிடுங்கள், அதுவரை பூசி மறைக்காதீர்கள்.

சுவரொட்டியும் சுவர் விளம்பரமும் நிறுத்த வழி?

உரிமையாளர் அனுமதியில்லாமல் ஒட்டுவதும் எழுதுவதும் 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு திறந்தவெளி இடங்கள் சட்டப்படி குற்றம். காவல் நிலையத்தில் புகார் தரலாம். கை வேலையில் பலன் தருவது சொரசொரப்பான பூச்சு; மைதாப் பசைக்கு அதில் பிடிப்பு குறைவு. ஒட்டியதை வெந்நீரில் ஊறவைத்து அகலக் கரண்டியால் எடுங்கள், காய்ந்ததைக் கிழித்தால் பெயின்டும் வரும். பிள்ளைகள் கரியால் போட்ட மூன்று ஸ்டம்பை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கடலோரத்தில் கல் கொட்டியிருப்பதும் சுவர்தானா?

கடல் தடுப்புச்சுவர்தான். சென்னைத் துறைமுகத்துக்கு 1875இல் அடிக்கல் நாட்டி அலைதடுப்புக் கரைகள் நீண்ட பிறகு, வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே ஓடிக்கொண்டிருந்த மணல் அங்கே தடைபட்டது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை தின்னப்பட்டது. அதற்காகப் போட்டதுதான் இந்தக் கல். அடியில் சிறுகல் படுகை, மேலே அலை புரட்ட முடியாத பெருங்கல், கடல் பக்கம் சரிவு. அலை மோதும் இடத்தில் அடிமணல் அரிபட்டால் கீழ்க்கல் இறங்கி, மேல்கல் சரியும். அதனால்தான் மறுபடி மறுபடி கல் வருகிறது. கரைக்குக் குறுக்கே கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவு வேறு வகை. அது மணலைப் பிடித்து நிறுத்தும், ஆனால் அதற்கு வடக்கே உள்ள குப்பத்துக்கு வர வேண்டிய மணல் குறையும். எனவே ஒரு குப்பத்துக்கு மட்டும் கேட்டு வாங்குவது சரியாகாது, கரை முழுவதற்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

காம்பவுண்டு தெருப்பக்கம் சாய்ந்திருக்கிறது. விழுமா?

உச்சியிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, அடியில் நூலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். நாலரை இஞ்ச் சுவர் 30 மி.மீ.க்கு மேல், ஒன்பது இஞ்ச் சுவர் 70 மி.மீ.க்கு மேல் சாய்ந்திருந்தால் பொறுத்திருக்க வேண்டாம். கயிறு கட்டி, அந்தப் பக்கம் ஆள் நடமாட்டத்தையும் பைக் நிறுத்துவதையும் உடனே தடுங்கள். சுவர்மேல் அணைத்த மணல், செங்கல், குப்பை எதுவானாலும் கையால் அள்ளி அகற்றுங்கள், பொக்லைன் வேண்டாம். தகர ஷீட் கூரையை அந்தச் சுவரோடு கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். காற்றில் ஷீட் இழுக்கும் இழுப்பே சுவரைக் கொண்டுபோகும். பிறகு மேலிருந்து ஒவ்வொரு வரியாகக் கழற்ற வேண்டும், அடியில் கொத்தித் தள்ளிவிடக் கூடாது. மறுபடி கட்டும்போது, நாலரை இஞ்ச் சுவரைத் தூண் இல்லாமல் இரண்டடிக்கு மேல் தனியாக நிறுத்தாதீர்கள்.